ஏரியைப் படம் பிடித்தால் போதுமா?

பள்ளி விடுமுறையோ செமஸ்டர் விடுமுறையோ நெருங்கிவிட்டால் போதும், நம் கைப்பேசிகளில் ஏரிப் பட்டியல்கள் வலம் வரத் தொடங்கிவிடும். ‘கட்டாயம் பார்க்க வேண்டிய ஐந்து ஏரிகள்’, ‘தேசியப் பூங்காவில் படம் எடுக்கச் சிறந்த இடங்கள்’ என்று தலைப்புகள் மாறும். உள்ளே இருக்கும் படம் பெரும்பாலும் ஒன்றுதான். காலைப் பனி, நீல நீர், ஒரு படகு, அதன் முனையில் முதுகைக் காட்டி அமர்ந்திருக்கும் ஒருவர்.

எனக்கும் ஏரிகள் பிடிக்கும். கடந்த மூன்று ஆண்டுகளில் தீபகற்ப மலேசியாவில் ஐந்து ஏரிகளுக்கு நண்பர்களோடும் குடும்பத்தோடும் போய் வந்திருக்கிறேன். எனக்கென்றும் ஒரு பட்டியல் உண்டு. ஆனால், அந்தப் பட்டியலை நான் வரிசைப்படுத்தும் முறை வேறு. ஒவ்வோர் ஏரியிலும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வேன். இந்த நீர் எப்படி இங்கே வந்தது? இதன் கரையில் யார் வாழ்கிறார்கள்? இதைக் காப்பாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

இந்த மூன்றும் தெரியாமல் ஓர் ஏரியைப் பார்த்துவிட்டு வருவது, கல்யாண வீட்டுக்குப் போய்ப் பந்தலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது போன்றது.

நாம் ஏரிகளை ரசிக்கும் முறைக்கும் அவற்றின் கதிக்கும் தொடர்பு உண்டு என்பதுதான் என் வாதம். அழகாகத் தெரியும் ஏரிக்குக் கூட்டம் வருகிறது. கூட்டம் வரும் இடத்துக்கு அக்கறையும் பணமும் வருகின்றன. நலிந்துபோன ஏரியை யாரும் படம் பிடிப்பதில்லை. யாரும் படம் பிடிக்காத ஏரி என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை. எனக்குப் பிடித்த ஐந்து ஏரிகளை வைத்தே இதை விளக்குகிறேன்.

இரண்டு நீர், ஓர் ஏரி

முதலில் பினாங்கு. தெலுக் பஹாங்கில் உள்ள பினாங்கு தேசியப் பூங்கா 2003-இல் அரசிதழில் வெளியிடப்பட்டது. நாட்டின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று இது. ஜோர்ஜ்டவுனிலிருந்து 101-ஆம் எண் பேருந்தில் ஏறினால் தெலுக் பஹாங் வரை போய்விடலாம். அங்கிருந்து காட்டுப் பாதையில் ஏறி இறங்கி சுமார் ஒன்றரை மணி நேரம் நடந்தால் பந்தாய் கெராச்சுட் கடற்கரை. அந்தக் கடற்கரைக்குச் சற்று உள்ளே, காட்டுக்கும் மணலுக்கும் நடுவில் அந்த ஏரி இருக்கிறது.

பார்த்தவுடன் வியப்பு எதுவும் வராது. கலங்கிய பச்சை நிறத்தில் ஒரு பெரிய குட்டை போலத்தான் தெரியும். ஆனால், அந்தக் குட்டையில் இரண்டு வகை நீர் கலக்காமல் இருக்கிறது. மலையிலிருந்து இறங்கும் ஓடைகளின் நன்னீர் மேலே. கடலிலிருந்து புகுந்த உப்புநீர் கீழே. உப்புநீர் கனமானது, அதனால் அடியில் தங்குகிறது. இடைநிலைப்பள்ளி அறிவியலில் அடர்த்தி என்று படித்தோமே, அந்தப் பாடம் இங்கே ஓர் ஏரியாக விரிந்து கிடக்கிறது. பொதுவாக ஏரிகளில் காற்றும் வெப்பமும் மேல்நீரையும் கீழ்நீரையும் அவ்வப்போது கலக்கிவிடும். அப்படிக் கலக்காத ஏரிகளை மெரோமிக்டிக் ஏரிகள் என்று அழைக்கிறார்கள். உலகில் இவை அரிது. இங்கே இன்னொரு விந்தையும் உண்டு. ஆழத்துக்குப் போகப் போக நீர் குளிரும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். இங்கே அடியில் உள்ள உப்புநீர் மேல்நீரைவிட வெதுவெதுப்பானது.

மழை குறைந்த மாதங்களில் ஏரி வற்றிவிடும். வெறும் சேறுதான் மிஞ்சும். இவ்வளவு தூரம் நடந்து வந்து ஒன்றுமே இல்லையே என்று அப்போது வருகிறவர்கள் சலித்துக்கொள்வார்கள். என்னைக் கேட்டால், வற்றிய நிலையிலும் அது பார்க்க வேண்டிய ஏரிதான். ஓடைநீரும் கடலும் காலத்துக்கு ஏற்பச் செய்துகொள்ளும் ஏற்பாட்டின் ஒரு பாதி அது. எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பது நம் ஆசை. ஏரியின் இயல்பு வேறு. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சினி ஏரிக்கு வரும்போது இது தேவைப்படும்.

மலை உச்சிகள் தீவுகளான கதை

கெனிர் ஏரிக்குப் போகாத பட்டியலே இருக்காது. திரங்கானு மாநிலத்தில், தாமான் நெகாராவின் ஓரத்தில் இருக்கிறது. பெங்காலான் காவியில் படகேறினால் தீவு, அருவி, குகை என்று நாள் முழுக்கச் சுற்றலாம். 340-க்கும் மேற்பட்ட தீவுகள் உள்ளன என்று படகோட்டிகள் பெருமையாகச் சொல்வார்கள்.

அந்தத் தீவுகள் எப்படி வந்தன என்று பயணிகள் கேட்பது குறைவு. அவை தீவுகளாகப் பிறந்தவை அல்ல. மலை உச்சிகள். 1985-இல் கட்டி முடிக்கப்பட்ட 155 மீட்டர் உயர அணை ஆற்றை மறித்தபோது, பள்ளத்தாக்குகள் மூழ்கி உச்சிகள் மட்டும் வெளியே நின்றன. நீருக்கு மேலே இலையின்றி வெள்ளையாக நிற்கும் மரங்கள் படத்துக்கு மிக அழகாக அமையும். அவை நின்ற இடத்திலேயே மூழ்கிச் செத்த மரங்கள்.

தமிழில் ஏரி என்ற ஒரே சொல்லால் இரண்டையும் குறிக்கிறோம். மலாயிலும் அப்படித்தான்; இயற்கை ஏரியும் தாசேக், அணை நீர்த்தேக்கமும் தாசேக். சொல் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். தமிழ்நாட்டு ஏரிகள் பெரும்பாலும் கரை கட்டி, மதகு வைத்து மனிதர் உண்டாக்கியவைதான் என்பதால், செயற்கை ஏரியைக் குறைத்துப் பேசும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால், எது எந்த வகை என்று தெரிந்துகொண்டு ரசிக்க வேண்டும்.

கெனிர் அணை 400 மெகாவாட் மின்சாரம் உற்பத்தி செய்யும் திறன் கொண்டது. நம் நாட்டில் மின்விசிறிக்கு அடியில் அமர்ந்து வளர்ந்தவர்கள் யாரும் அதை எளிதாகக் குறை சொல்லிவிட முடியாது. அதே ஏரியில் படகில் போனால் தாமான் நெகாரா எல்லைக்குள் உள்ள பேவா குகையை அடையலாம். அங்கே பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய மனித எலும்புக்கூடு கிடைத்திருக்கிறது. அணை வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே அந்தப் பள்ளத்தாக்கில் மனிதர்கள் வாழ்ந்திருக்கிறார்கள் என்பதற்கு அது சாட்சி. நாம் படகில் கடக்கும் நீருக்கு அடியில் அவர்கள் நடந்த நிலமும் இருக்கலாம். இதைத் தெரிந்துகொண்டு போனவனுக்குக் கெனிரின் அழகு குறையவில்லை, கனம் கூடியது.

சாலைக்கு வடக்கே, சாலைக்குத் தெற்கே

பேராவின் தெமங்கோர் ஏரியும் அணையால் வந்ததுதான். 1970-களின் இறுதியில் பேரா ஆற்றின் மேற்பகுதியில் அணை எழுந்தது. கிரிக்கையும் ஜெலியையும் இணைக்கும் கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலை 1982-இல் திறக்கப்பட்டது. அந்தச் சாலை பண்டிங் தீவின் மீது ஏறி ஏரியைக் கடக்கிறது. அங்கிருந்து படகில் வடக்கே போனால் ராயல் பெலும் மாநிலப் பூங்கா. 2007-இல் அரசிதழில் வெளியிடப்பட்ட இதன் பரப்பளவு 117,500 ஹெக்டர். உள்ளே நுழைய முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும்.

மலாயில் எங்காங் என்று அழைக்கப்படும் இருவாய்ச்சிப் பறவைகளில் மலேசியாவில் 10 வகைகள் உண்டு. அந்தப் பத்தும் பெலும்–தெமங்கோர் காட்டில் இருக்கின்றன. ஆண்டின் சில மாதங்களில் அவை கூட்டம் கூட்டமாக ஏரியைக் கடந்து பறக்கும். ஜஹாய், தெமியார் பூர்வக்குடி மக்களின் ஊர் அது. அணை கட்டப்பட்டபோது அவர்களில் பல குடும்பங்கள் இருந்த இடத்தை விட்டு வேறு இடத்தில் குடியமர்த்தப்பட்டன.

பெலுமில் நான் கற்றது எல்லைக்கோட்டைப் பற்றிய பாடம். வடக்கே உள்ள காடு பூங்காவாகப் பாதுகாக்கப்பட்டது. சாலைக்குத் தெற்கே உள்ள தெமங்கோர் காட்டில் வெட்டுமரத் தொழில் நடந்தது. இருவாய்ச்சிக்கு அந்த வேறுபாடு தெரியாது. சாலையைத் தாண்டி அந்தப் பக்கமும் அது பறக்கும். ஒரே ஏரி, ஒரே பறவை; ஆனால் வரைபடத்தில் வரைந்த ஒரு கோடுதான் எந்த மரம் நிற்கும், எந்த மரம் விழும் என்பதை முடிவு செய்கிறது.

சினி ஏரி: பட்டியலில் இல்லாதது

இனி, என் பட்டியலில் முதலிடத்தில் இருக்கும் ஏரிக்கு வருகிறேன். பகாங்கில் உள்ள தாசேக் சினி. இப்போது இதை யாரும் அழகான ஏரிகளின் பட்டியலில் சேர்ப்பதில்லை. நான் போகப்போவதாகச் சொன்னபோது எங்கள் மாமா, “அங்க என்னப்பா இருக்கு? நாங்க போன காலத்துல தாமரை பூத்துக் கிடக்கும். இப்பப் போய் என்னத்தப் பாக்கப் போற?” என்றார். அந்தக் கேள்விதான் என்னைப் போக வைத்தது.

சினி நாட்டின் இரண்டாவது பெரிய இயற்கை நன்னீர் ஏரி. இது ஒரே நீர்ப்பரப்பு அன்று. ஒன்றோடொன்று தொடர்புள்ள 12 நீர்ப்பரப்புகளின் தொகுப்பு. அங்கு வாழும் ஜகூன் பூர்வக்குடி மக்கள் ஒவ்வொன்றையும் ‘லாவுட்’, அதாவது கடல் என்று அழைக்கிறார்கள். ஏரியில் ஸ்ரீ கும்மோம் என்ற நாகம் வாழ்கிறது என்பது அவர்களின் பழங்கதை. சினி ஆறு என்ற சிற்றாறு ஏரியைப் பகாங் ஆற்றோடு இணைக்கிறது.

இந்தச் சிற்றாற்றில்தான் ஏரியின் உயிர் இருந்தது. சாதாரண நாள்களில் ஏரி நீர் இதன் வழியாகப் பகாங் ஆற்றுக்கு வடியும். பருவமழையில் பகாங் ஆறு பெருகும்போது நீரோட்டம் திசை மாறும்; ஆற்று நீர் பின்னோக்கி ஏறி ஏரிக்குள் புகும். ஆண்டுதோறும் ஏரி இப்படி ஏறி இறங்கும். நீர் ஏறும்போது மீன்கள் வெள்ளக் காட்டுக்குள் போகும். இறங்கும்போது கரை மரங்களின் வேர் மூச்சு விடும்.

1995-இல் சினி ஆற்றின் குறுக்கே ஒரு தடுப்பணை கட்டப்பட்டது. வறட்சிக் காலத்திலும் நீர்மட்டம் குறையக் கூடாது, சுற்றுப்பயணிகளின் படகுகள் தடையின்றி ஓட வேண்டும் என்பது நோக்கம். அதாவது, ஏரி எப்போதும் நிரம்பி அழகாகத் தெரிய வேண்டும். கெராச்சுட்டில் வற்றிய ஏரியைப் பார்த்து நாம் சலித்துக்கொள்கிறோமே, அதே எதிர்பார்ப்புதான் இங்கே சிமெண்ட் வடிவம் எடுத்தது.

விளைவு என்ன? இறங்க வேண்டிய காலத்தில் நீர் இறங்கவில்லை. தொடர்ந்து நீரில் நின்ற கரை மரங்கள் பட்டுப்போயின. நீரோட்டம் தேங்கியது. மறுபுறம், ஏரியைச் சுற்றியிருந்த காடு குறைந்துகொண்டே வந்தது. வெட்டுமரத் தொழில், செம்பனைத் தோட்டங்கள், இரும்புத் தாதுச் சுரங்கங்கள் எல்லாம் ஏரிக்கு நீர் வடியும் சரிவுகளில் நுழைந்தன. மழை பெய்தால் செம்மண் ஏரிக்கு வந்தது. களைச்செடிகள் பெருகின. பரப்பை மூடியிருந்த தாமரை குறைந்துபோனது. மீனையும் ஏரி நீரையும் நம்பி வாழ்ந்த ஜகூன் மக்களின் வாழ்க்கையும் அதோடு குறுகியது.

இவ்வளவும் நடந்தது பெயர் தெரியாத ஏதோ ஒரு குட்டைக்கு அன்று. 2009-இல் யுனெஸ்கோ சினியை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. மலேசியாவுக்குக் கிடைத்த முதல் உயிர்க்கோளக் காப்பகம் அதுதான். மலேசிய தேசியப் பல்கலைக்கழகம் அங்கே ஓர் ஆய்வு மையம் வைத்திருக்கிறது. புகழுக்கும் குறைவில்லை, அறிவுக்கும் குறைவில்லை. பிறகு எதில் குறை?

விருது வேறு, சட்டம் வேறு

உயிர்க்கோளக் காப்பகம் என்பது உலக அங்கீகாரம். அந்த அங்கீகாரம் வந்ததால் ஒரு மரத்தை வெட்டுவது குற்றமாகிவிடாது. நிலம் யாருடைய ஆட்சிக்கு உட்பட்டதோ அவர்களுடைய சட்டம்தான் அங்கே செல்லும். நம் கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி நிலமும் காடும் மாநிலப் பட்டியலில் உள்ளன. 1980-இல் தேசியப் பூங்காச் சட்டம் கொண்டுவரப்பட்டாலும், மாநிலம் நிலத்தைக் கொடுத்தால்தான் அங்கே பூங்கா வரும். அந்தச் சட்டத்தின் கீழ் முதலில் வந்தது பினாங்கு தேசியப் பூங்கா. 4,343 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தாமான் நெகாராகூட, பகாங், கிளந்தான், திரங்கானு ஆகிய மூன்று மாநிலங்களும் 1930-களின் இறுதியில் தனித்தனியே இயற்றிய சட்டங்களின் மேல்தான் நிற்கிறது.

பினாங்கையும் சினியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2021-இல் பினாங்கு மலையும் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. கெராச்சுட் ஏரி இருக்கும் தேசியப் பூங்காவும் அதற்குள் அடங்கும். ஆக, அந்தச் சின்னஞ்சிறு ஏரிக்குச் சட்டமும் உண்டு, விருதும் உண்டு. சினிக்கோ முதலில் விருது வந்தது. அந்த விருதுக்கு ஏற்ற சட்டக் காவல் வரவில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். கெனிர், தெமங்கோர் ஆகிய இரண்டும் மனிதர் உண்டாக்கிய ஏரிகள். இரண்டுக்கும் பக்கத்தில் பெரிய பூங்காக்கள் இருக்கின்றன. நாட்டின் மிகப்பெரிய இயற்கை நன்னீர் ஏரிகளான பெராவும் சினியும் தேசியப் பூங்காவுக்குள் இல்லை. பெராவுக்கு 1994-இல் ராம்சார் ஈரநில அங்கீகாரம் கிடைத்தது. அந்த வகையிலும் அது நாட்டில் முதலாவது. மரச்சாறு ஊறித் தேநீர் நிறத்தில் இருக்கும் அதன் நீரில், ரசாவ் புதர்களுக்கு நடுவே செமெலாய் மக்கள் இன்றும் படகு செலுத்துகிறார்கள். கெருயிங் மரத்திலிருந்து எண்ணெய் எடுக்கும் அவர்களின் அறிவு தலைமுறை தலைமுறையாக வந்தது. பெரா சினி அளவுக்கு நலியவில்லை. ஆனால், அதைச் சுற்றியும் செம்பனை நெருங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

எனவே என் கோரிக்கை நேரடியானது. சினி ஏரியும் அதற்கு நீர் தரும் சரிவுகளும் சட்டப்படி ஒரு பூங்காவாக அறிவிக்கப்பட வேண்டும். தேசியப் பூங்காவோ மாநிலப் பூங்காவோ, பெயர் எதுவானாலும் சரி. ஏரி மீண்டும் ஏறி இறங்க வழி செய்யும் வகையில் அந்தத் தடுப்பணையை என்ன செய்வது என்று அறிவியலாளர்களையும் ஜகூன் மக்களையும் சேர்த்து வைத்து முடிவெடுக்க வேண்டும். அண்மை ஆண்டுகளில் சினியைச் சுற்றிய காட்டைக் காக்கவும் மரங்களை மீண்டும் நடவும் மாநில அரசு முயற்சிகளை அறிவித்திருக்கிறது. அது நல்லது, ஆனால் மரம் நடுவது மட்டும் நீரோட்டத்தைத் திருப்பித் தராது. முடியாத காரியம் என்றும் சொல்ல இயலாது. 2023-இல் பகாங் மாநிலமே தாமான் நெகாராவை ஒட்டிய காட்டை அரச புலிகள் காப்பகமாக அறிவித்தது. புலிக்குச் செய்ய முடிந்ததை ஏரிக்கும் செய்யலாம்.

வரக்கூடிய மறுப்புகள்

மின்சாரமும் இரும்பும் செம்பனையும் வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டும்தான். சினி வட்டாரத்தில் நிலக்குடியேற்றத் திட்டங்களில் செம்பனை நட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் ஏராளம். அவர்களைக் குற்றவாளிகளாக்குவது நியாயமாகாது. கேள்வி எங்கே என்பதுதான். இரும்புத் தாதுவைத் தேட வேறு இடங்கள் உண்டு. ஆனால், நாட்டில் இன்னொரு சினியைத் தேடிப் போக முடியாது. அணை கட்டினால் இன்னொரு கெனிரை உண்டாக்கலாம். இயற்கை ஏரியை எந்தப் பொறியியலாளராலும் கட்ட முடியாது.

மாநில அரசுகளுக்கு வருமானம் வேண்டாமா என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. காட்டை வெட்டினால் பணம் வருகிறது, காப்பாற்றினால் செலவுதான் வருகிறது என்றால் எந்த மாநிலமும் தயங்கும். அதனால்தான் 2019 முதல் காடுகளைக் காக்கும் மாநிலங்களுக்குக் கூட்டரசு அரசாங்கம் தனி நிதி ஒதுக்கி வருகிறது. அந்த நிதி போதுமா, ஏரிகளுக்கும் ஈரநிலங்களுக்கும் உரிய பங்கு போகிறதா என்று கேட்பதுதான் அடுத்த படி.

மூன்றாவது மறுப்பு நம் வயதினரிடமிருந்தே வரும். படித்துக் களைத்து விடுமுறைக்குப் போகும் இடத்திலும் பாடமா? பாடமாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஒரு பாட்டை அதன் பொருள் தெரிந்து கேட்கும்போது சுவை கூடுகிறதா, குறைகிறதா? ஏரியும் அப்படித்தான்.

நாம் செய்யக்கூடியவை

பெரிய போராட்டம் எதற்கும் நான் அழைக்கவில்லை. மாணவர்களால் இப்போதே செய்யக்கூடிய சில காரியங்களைச் சொல்கிறேன்.

ஓர் ஏரிக்குப் போகும் முன் எந்தப் பருவத்தில் அது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். அங்கே வாழும் மக்களில் ஒருவரையே வழிகாட்டியாக அமர்த்துங்கள். சினியில் ஜகூன் வழிகாட்டி ஒருவர் எங்களுக்குப் படகு ஓட்டினார். எந்த லாவுட்டில் எந்த மீன் எப்போது வரும், எது இப்போது வருவதில்லை என்று அவர் சொன்னவை எந்தப் பட்டியலிலும் கிடைக்காதவை. நாம் கொடுக்கும் படகுக் கூலி அவர்களுக்குப் போய்ச் சேருவது, ஏரி உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமாகும்.

பல்கலைக்கழகத் தமிழ் மன்றங்களும் இந்திய மாணவர் சங்கங்களும் ஆண்டுதோறும் சுற்றுலா போகின்றன. அவற்றுள் ஒன்றாவது சினிக்கோ பெராவுக்கோ போகட்டும். ஒரு பேருந்துக் கட்டணத்தைப் பலர் பகிர்ந்துகொண்டால் செலவும் அதிகமாகாது. இடைநிலைப்பள்ளி மாணவர்கள் புவியியல், அறிவியல் செயல்திட்டங்களுக்கு இந்த ஏரிகளை எடுத்துக்கொள்ளலாம். திரும்பி வந்து தமிழில் எழுதுங்கள். நம் நாட்டு ஏரிகளைப் பற்றித் தமிழில் படிக்கக் கிடைப்பது மிகக் குறைவு. மூன்று மொழி தெரிந்த நம்மால் மலாயிலும் ஆங்கிலத்திலும் உள்ள ஆய்வுகளைப் படித்து வீட்டில் பேசும் மொழிக்குக் கொண்டுவர முடியும்.

கடைசியாக ஒன்று. வாக்களிக்கும் வயதை 18-ஆகக் குறைக்கும் அரசியலமைப்புத் திருத்தம் 2019-இல் நிறைவேறி, 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. இதைப் படிக்கும் கல்லூரி மாணவர்கள் எல்லோரும் வாக்காளர்கள். படிவம் 4, 5 மாணவர்கள் விரைவில் வாக்காளர்கள். நிலமும் காடும் மாநிலத்தின் கையில் இருப்பதால், ஏரியின் கதி முடிவாவது பெரும்பாலும் மாநிலச் சட்டமன்றத்தில். நாடாளுமன்றத் தேர்தலைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் நாம், நம் சட்டமன்ற உறுப்பினரின் பெயரைக் கேட்டால் விழிக்கிறோம். அடுத்த முறை வேட்பாளர் வாசலுக்கு வரும்போது வேலை, வீடு, சாலை பற்றிக் கேட்பதோடு, நம் மாநிலத்தின் நீர்ப்பிடிப்புக் காடு எங்கே இருக்கிறது, அதற்குச் சட்டக் காவல் உண்டா என்றும் கேளுங்கள். பதில் தெரியாவிட்டால், தெரிந்துகொண்டு வந்து சொல்லும்படி கேட்பதில் தவறில்லை.

அழகான ஏரிகளுக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். கெனிருக்குப் போங்கள், பெலுமுக்குப் போங்கள், படமும் எடுங்கள். ஆனால், இந்த ஆண்டுப் பட்டியலில் நலிந்துபோன ஏரி ஒன்றுக்கும் இடம் கொடுங்கள். அங்கே பட்டுநிற்கும் மரங்களையும் செம்மண் கலங்கிய நீரையும் படம் பிடித்து, அவை ஏன் அப்படி ஆயின என்று இரண்டு வரி எழுதிப் பகிருங்கள். தாமரை இல்லாத ஏரியை நாம் பார்க்கத் தொடங்கினால்தான், தாமரை எங்கே போனது என்று யாரையாவது கேட்க முடியும்.